நான்காம் தசமம்

மன்னர் கல்லூரியில் நாங்கள் சத்தம் போடாமல் நுழைந்த அறை ஒன்றுதான். வேதியியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டி, ஒற்றைக் கதவோடு, ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே கிடக்கும் சின்ன அறை. பேலன்ஸ் ரூம் என்போம். சுவரில் பதித்த கல் பலகைகளின் மேல் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தராசு. மின்விசிறி கிடையாது. சித்திரை மாதத்துப் புதுக்கோட்டை வெயிலை அனுபவித்தவர்களுக்கு அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேர்வை நோட்டில் சொட்டும். கைக்குட்டையால் விசிறிக்கொள்ளக்கூடக் கூடாது. பக்கத்துத் தராசின் முள் ஆடிவிடும்.

நான் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தது 1976-இல். 1880-இல் தொடங்கிய கல்லூரி அது. சமஸ்தானக் காலத்தின் உயரமான தூண்களும் அகலமான தாழ்வாரங்களும் எங்களைப் போன்ற கிராமத்துப் பையன்களை முதல் வருஷம் முழுக்க மிரட்டிக்கொண்டே இருந்தன. அப்போது எங்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வு. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல்தான் வந்தது.

முதல் வாரம் நாங்கள் எதையும் நிறுக்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். எங்களுக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் திருமயம் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "இது என்ன செய்யுதுன்னு தெரியாம இதைத் தொடக்கூடாது" என்றார். பெட்டியின் கண்ணாடியை மேலே தூக்கி, விரலால் தொடாமல், ஒரு பென்சில் முனையால் காட்டிக்கொண்டே போனார்.

துலாக்கோலின் நடுவில் ஒரு கத்தி. அகேட் கல்லில் செதுக்கியது. எடை பார்க்கும்போது அதன் முனை ஓர் அகேட் தகட்டின் மேல் நிற்கிறது. கோலின் இரண்டு ஓரங்களிலும் தலைகீழாக இன்னும் இரண்டு கத்திகள். அவற்றின் மேல்தான் தட்டுகள் தொங்குகின்றன. தராசின் உயிர் இந்த மூன்று முனைகளில் இருக்கிறது. முனை மழுங்கினால் அதற்குப் பிறகு எத்தனை நல்ல படிக்கல் வைத்தும் பயனில்லை. அதனால் முன்புறம் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் கோலைத் தாங்கிப் பிடித்துக் கத்தி முனையைத் தகட்டிலிருந்து விலக்கி வைக்கும். ஒரு கல்லை வைப்பதானாலும் எடுப்பதானாலும் முதலில் குமிழைத் திருப்ப வேண்டும். இதைத்தான் அவர் ஒரு வாரம் சொன்னார். மூன்றாம் வருஷத்திலும் சொன்னார்.

படிக்கற்கள் மரப் பெட்டியில், வெல்வெட் குழிகளில் உட்கார்ந்திருக்கும். 50, 20, 20, 10, 5, 2, 2, 1 கிராம். அதற்குக் கீழே தகடு தகடாக மில்லிகிராம் எடைகள், மூலையில் மடித்த காது வைத்தவை. இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். ஊர்க் கடைகளில் அரைக்கிலோக் கல்லையும் கால்கிலோக் கல்லையும் வாரித் தட்டில் போடுவதைப் பார்த்து வளர்ந்த கைகளுக்கு இது பழக நாளாயிற்று. விரலின் எண்ணெயும் வேர்வையும் ஒட்டினால் அந்தக் கல் அதன் எடையில் இருக்காது என்பதை அவர் சொன்னபோது, ஒட்டுகிற வேர்வைக்கும் எடை உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி.

கடைசியாக ரைடர். 10 மில்லிகிராம் எடையுள்ள மெல்லிய கம்பி, வளைந்து, கோலின் மேல் குதிரைச் சவாரி மாதிரி உட்கார்ந்திருக்கும். பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து நீளும் ஒரு கொக்கியால் அதைத் தூக்கி இடம் மாற்றலாம். கோலின் வலக்கை நெடுக நூறு கோடுகள். ரைடரை ஒரு கோடு தள்ளி வைத்தால் 0.1 மில்லிகிராம் கூடும். கிராமில் எழுதினால் அது நான்காம் தசமம்.

முள் நிற்கும்வரை காத்திருப்பது என்பதும் கிடையாது. நின்றுவிட்ட முள்ளை நம்பக்கூடாது. எங்காவது தூசியில் சிக்கி நின்றிருக்கலாம். ஆடும்போது அது திரும்பும் இடங்களைக் குறிக்க வேண்டும். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. இரண்டு சராசரி, அவற்றின் சராசரி. ஒரு பக்கம் மட்டும் ஏன் மூன்று என்று நான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் எடுத்தால் அந்தக் குறைவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மூன்றுக்கு இரண்டு என்று எடுத்தால் ஈடாகிவிடும். காகிதத்தில் ஓர் அலையை வரைந்து காட்டினார். எனக்கு வேதியியல் பிடித்துப்போனது அந்த அலையிலிருந்துதான்.

இரண்டாம் வாரம், "நாளைக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பொருள் வீட்டுலேருந்து கொண்டாங்க" என்றார். நான் அப்பாயியின் சுருக்குப் பையிலிருந்து இரண்டு அம்மன் காசு எடுத்துப் போனேன். புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. இருபது காசு ஓரணா, 320 காசு ஒரு ரூபாய். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுப்பார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபின் அதற்கு வேலை இல்லை. அப்பாயிக்கு மட்டும் அது அம்மன்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. நான் நிறுத்து எழுதியபோது இரண்டாம் தசமத்திலேயே பிரிந்துவிட்டன. ஒரு காசு அதிகம் கைமாறியிருக்கிறது. யார் யார் மடியிலோ, எந்தெந்தச் சந்தையிலோ தேய்ந்து போன செம்பு அந்த வித்தியாசம். டெமான்ஸ்ட்ரேட்டர் சார் அன்று இன்னொன்றும் சொன்னார். நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னைக் கழஞ்சுக் கணக்கில் பொறித்திருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சித்தன்னவாசல் ஓவியத்தின் வண்ணத்தையும் அதன் அடியிலுள்ள சுண்ணாம்புப் பூச்சையும் 1930களில் சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். "ஓவியத்துலேருந்து எவ்வளவு எடுக்க விடுவாங்க? ஒரு செதில். அதுல கணக்குச் சொல்லணும்னா தராசு எப்படி இருக்கணும்?" என்று சார் கேட்டார். அதற்கு முன் சித்தன்னவாசல் எனக்குச் சைக்கிளில் போய்ப் பார்க்கும் இடமாக மட்டும் இருந்தது.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குத் தெற்கே. செம்மண் காடு. அப்பாவுக்கு மூன்று ஏக்கர், கடலைதான் போடுவார். ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பிடுங்கலாம். பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் காயவைத்து, மூட்டை பிடித்து மண்டிக்குக் கொண்டுபோனால் அங்கே வருஷா வருஷம் ஒரே சண்டை. கமிஷன்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். காதருகில் வைத்துக் குலுக்குவார். கலகலவென்று சத்தம் கேட்டால் காய்ந்த கடலை. ஒன்றை உடைத்துக் கடிப்பார். பிறகு, "ஈரம் இருக்குண்ணே, மூட்டைக்கு ஒரு கிலோ தள்ளிக்கலாம்" என்பார். "நாலு வெயில் காஞ்ச கடலைங்க அது" என்பார் அப்பா. குரல்கள் உயரும். கடைசியில் அரைக்கிலோவில் முடியும், அல்லது முக்காலில். அப்பா அன்று ராத்திரி சாப்பிட மாட்டார்.

அப்பா வீசையும் பலமும் புழங்கிய காலத்து ஆள். 40 பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. 1958 அக்டோபரிலிருந்து கிலோ வரத்தொடங்கி, கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே ஓடி, பிறகு வீசை போய்விட்டது. கல் மாறியபோது தங்களை ஏமாற்றிவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அப்பாவும் நினைத்தார். தட்டுக்கடியில் புளி ஒட்டுகிறார்களா என்று தடவிப் பார்க்கும் பழக்கத்தை அவர் சாகும்வரை விடவில்லை.

1977 ஐப்பசியில் அவர் எனக்குப் பணம் கொடுக்கக் கல்லூரிக்கு வந்தார். மஞ்சள் பையில் முந்தைய நாள் பிடுங்கிய பச்சைக் கடலை. ஆய்வுக்கூட வாசலில் தயங்கி நின்றவரை டெமான்ஸ்ட்ரேட்டர் சார் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கய்யா, வாங்க" என்று அழைத்தார். அப்பா செருப்பைத் தாழ்வாரத்திலேயே கழற்றிவிட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

தராசுப் பெட்டியின் முன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல என்ன சார் நிறுப்பீங்க?"

"எது வேணாலும். உங்க கடலைய நிறுத்துப் பாப்போமா?"

ஒரு காயை உடைத்து, ஒரு பருப்பை எடுத்து, வாட்ச் கிளாஸில் வைத்தார் சார். நிறுக்கும் வேலையை என்னிடம் விட்டார். அப்பாவின் முன்னால் என் கை நடுங்கியது. ரைடரை இரண்டு முறை தவறாக வைத்தேன். கடைசியில் நான்கு தசமத்தோடு எழுதினேன். அரைக் கிராமுக்குச் சற்று மேல். "அரைக் கிராமா? ஒரு பருப்புக்கா?" என்று கேட்டுவிட்டு அப்பா ஊர்ச் செய்தி பேசத் தொடங்கினார். பருப்பு வெளியே வாட்ச் கிளாஸிலேயே கிடந்தது. கால்மணி நேரம் கழித்து, "தம்பி, அதையே மறுபடி நிறு" என்றார் சார்.

4 மில்லிகிராம் குறைந்திருந்தது.

நான் தவறு செய்துவிட்டதாக அப்பா நினைத்தார். இன்னொரு தடவை நிறுத்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. "ஈரம் போகுதுங்கய்யா. நாம பேசிக்கிட்டு இருக்கிறப்பவே போகுது" என்றார் சார். அப்பா அந்தப் பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்து என்ன தெரியும்? அவரிடம் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது.

"இன்னும் எவ்வளவு ஈரம் உள்ள இருக்குன்னு இது சொல்லுமா?"

"சொல்லும். நல்லாக் காயவெச்சு, எடை குறையறது நிக்கிற வரைக்கும் நிறுக்கணும். மொத்தம் எவ்வளவு குறைஞ்சுதோ அதுதான் ஈரம்."

பேருந்து நிலையம் வரை நடந்தோம். அப்பா பேசவில்லை. பஸ் ஏறும்போது, "அந்தப் பெட்டி ஒண்ணு மண்டியில இருந்தா பாதிச் சண்டை இருக்காது" என்றார். கமிஷன்காரர் சொன்ன ஈரம் முழுக்கப் பொய் இல்லை என்பதை அவர் அன்றுதான் ஒத்துக்கொண்டார். அவர் கேட்டது எவ்வளவு என்பதைத்தான்.

கடைசி வருஷத்தில் நிக்கல் வந்தது. கொடுத்த கரைசலில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று எடை போட்டுச் சொல்ல வேண்டும். டைமெத்தில் கிளையாக்ஸிமை ஊற்றினால் குங்குமச் சிவப்பில் வீழ்படிவு பொங்கி வரும். எனக்குத் தெரிந்து ஆய்வுக்கூடத்தில் அதைவிட அழகான காட்சி இல்லை. வடிகட்டி, கழுவி, ஓவனில் காயவைத்து, டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத மூடிய ஜாடியில் ஆறவைத்து, நிறுத்து, மறுபடி ஓவனில் வைத்து, மறுபடி ஆறவைத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.2 மில்லிகிராமுக்குள் ஒத்துப்போகும் வரை தொடர வேண்டும். அந்தச் சிவப்புப் பொடியில் 20.32 சதவீதம் நிக்கல். ஒரு நாள் முழுக்க ஆகும் வேலை. மாலை நான்கு மணிக்கு ஊர் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான்.

நான் அந்தக் கடைசி எடையை நிறுக்காமல் எழுதினேன். முதல் எடையை ஒட்டி ஏதோ ஓர் எண்ணைப் போட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று வாரம். டெமான்ஸ்ட்ரேட்டர் சார் நோட்டை வாங்கி அப்படி எழுதிய ஒவ்வொரு எடையின் கடைசி இலக்கத்தையும் பென்சிலால் வட்டமிட்டார். பன்னிரண்டு வட்டம். எல்லாம் 0 அல்லது 5. "தராசுக்கு இந்த ரெண்டு எண்தான் தெரியுமாப்பா?" என்று கேட்டார். திட்டவில்லை. மார்க் குறைக்கவுமில்லை. பன்னிரண்டையும் திரும்ப நிறுக்கச் சொன்னார். நான்கு சனிக்கிழமைகள் ஆயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு எனக்காக அந்த அறையைத் திறந்து வைத்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மனிதன் கற்பனையாக எண் எழுதினால் அவன் கை தானாகவே வசதியான எண்ணுக்குப் போகும். உண்மையான எடையின் கடைசி இலக்கத்துக்கு அந்த வசதி கிடையாது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்து, 1981-இல் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். வேறு மாவட்டம். பெயர் வேண்டாம். கடலை வந்து இறங்கும். ஈரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று நான் சொல்லும் எண்ணை வைத்து விலை போடுவார்கள். அப்பா மண்டியில் கேட்ட பெட்டி என் கைக்கு வந்துவிட்டது.

அங்கே இருந்தது ஒற்றைத் தட்டுத் தராசு. சுவிட்சர்லாந்தின் எர்ஹார்ட் மெட்லர் 1945-இல் கொண்டுவந்த முறை. கோலின் ஒரு பக்கம் தட்டும் அதன் மேல் எல்லாப் படிக்கற்களும். மறுபக்கம் நிலையான ஈடு. பொருளைத் தட்டில் வைத்ததும், குமிழ்களைத் திருப்பி, அதற்கு ஈடான கற்களைக் கோலிலிருந்து தூக்கிவிட வேண்டும். கோலின் மேல் பாரம் எப்போதும் மாறாது. அதனால் நுட்பமும் மாறாது. கடைசி இலக்கங்கள் வெளிச்சம் விழும் ஒரு சின்னத் திரையில் தெரியும். இரண்டு தட்டுத் தராசில் பத்து நிமிடம் எடுக்கும் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

அறுவடைக் காலம். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அரைத்த பருப்பில் 5 கிராம் நிறுத்து, அலுமினியத் தட்டில் போட்டு, 105 டிகிரி ஓவனில் காயவைத்து, எடுத்து டெசிகேட்டரில் அரை மணி நேரம் ஆறவைத்து நிறுக்க வேண்டும். டெசிகேட்டர் ஒன்றுதான் இருந்தது. டிரைவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சார், இன்னும் ஆகலையா?" என்பார்கள். உள்ளேயிருந்தும் ஆள் மேல் ஆள் வரும். நான் அரை மணியைக் கால்மணி ஆக்கினேன். கால்மணியை ஐந்து நிமிடம் ஆக்கினேன். பிறகு சில தட்டுகளை ஓவனிலிருந்து நேராகவே தராசுக்குக் கொண்டுபோனேன்.

பத்தாவது நாள். ஒரு தட்டை நிறுத்து எழுதிவிட்டு டெசிகேட்டரில் வைத்தவன் அப்படியே சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து, ஏதோ சந்தேகத்தில் அதை மறுபடி நிறுத்தேன். 22 மில்லிகிராம் கூடியிருந்தது. காற்றிலிருந்து ஈரம் ஏறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். டெசிகேட்டரின் அடியில் சிலிக்கா ஜெல் நீலமாகவே இருந்தது. ஈரம் ஏறியிருந்தால் அது இளஞ்சிவப்பாகியிருக்கும். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எடை தெரிந்த காலித் தட்டு ஒன்றை ஓவனில் வைத்துச் சூடாக்கி, சுடச்சுட நிறுத்தேன். அதுவும் இருபது மில்லிகிராமுக்கு மேல் குறைவாகக் காட்டியது. காலித் தட்டில் ஈரம் ஏது?

சூடான தட்டு தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்போது தட்டையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. தராசு எடையைக் குறைத்துக் காட்டுகிறது. நான் அந்தக் குறைவையும் ஈரத்தின் கணக்கில் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். தட்டு ஈரம் ஏறாமல் ஆறட்டும் என்றுதான் டெசிகேட்டரே. மன்னர் கல்லூரியில் மூன்று வருஷம் கேட்ட பாடம் அது.

5 கிராமில் 20 மில்லிகிராம் என்றால் 0.4 சதவீதம். 10 டன் லாரிக்கு 40 கிலோ. ஒன்பது நாளில் அப்படிப் போனவை 31 லாரிகள். ஒன்றேகால் டன் கடலையை, ஒரு பைசா லாபம் எனக்கில்லாமல், அவசரத்தால் மட்டும், என்னைப் போன்றவர்களின் அப்பாக்களிடமிருந்து எடுத்துவிட்டேன். இதற்குக் காதருகில் குலுக்கிப் பார்க்கும் கமிஷன்காரரே தேவலை. அவரோடு சண்டையாவது போட முடியும். நான்கு தசமத்தோடு அச்சடித்த சீட்டில் எழுதிய எண்ணோடு யார் சண்டை போடுவார்கள்?

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இன்னொரு டெசிகேட்டர் வாங்கித் தந்தார். பட்டுவாடா முடிந்த கணக்கைத் திறக்க முடியாது என்றார். நானும் அதற்கு மேல் போராடவில்லை. போராடியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை வண்டி?" என்றார். சொன்னேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்த ஆலையில் நான் பணியாற்றிய மீதி ஆறு வருஷத்திலும், பிறகு வேறு வேறு ஆய்வகங்களிலும், ஆறாத தட்டு என் தராசில் ஏறவில்லை.

தொண்ணூறுகளில் மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன. கத்தி இல்லை, கல் இல்லை, ரைடர் இல்லை. தட்டு கீழே இறங்கப் பார்க்கும். உள்ளே ஒரு மின்காந்தம் அதைப் பிடித்து அதே இடத்தில் நிறுத்தும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் செலவானது என்பதிலிருந்து எடை. மூன்று நொடியில் எண் வந்து நிற்கும். நல்ல கருவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அளப்பது பூமி இழுக்கும் விசையை. புதுக்கோட்டையில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுபோனால் 100 கிராமில் பல மில்லிகிராம் குறையும். அங்கே மறுபடி படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பழைய இரட்டைத் தட்டுக்கு இந்தக் கவலை கிடையாது. இரண்டு பக்கத்தையும் பூமி ஒரே மாதிரிதான் இழுக்கிறது, மலையிலும் சரி, மணமேல்குடிக் கடற்கரையிலும் சரி.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் குமிழி மட்டம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்காமல், காலையில் சோதனைக் கல் வைத்துப் பார்க்காமல், கண்ணாடிக் கதவைத் திறந்துபோட்டு நிறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த 31 லாரிகள் நினைவுக்கு வரும். சூடான தட்டை வைத்தால் மின்னணுத் தராசும் அதே தவறைத்தான் செய்யும். எண்ணும் அதே துல்லியத்தோடுதான் மின்னும்.

2019 மே 20-ஆம் தேதி கிலோகிராமின் வரையறையையே மாற்றினார்கள். அதுவரை பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகத்துக்கே கிலோ. அதன் 57-ஆம் எண் நகல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. எங்கள் வெல்வெட் பெட்டிக் கற்களுக்கும் சரிபார்ப்பின் சங்கிலி கடைசியில் அங்கேதான் போய் முடிந்தது. இப்போது உருளை போய், பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவைச் சொல்கிறார்கள். அந்த மாறிலியையும் கிலோவையும் இணைத்துக் காட்டும் கருவிக்குக் கிபிள் தராசு என்று பெயர். செய்தியைப் படித்த அன்று டெமான்ஸ்ட்ரேட்டர் சாரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் அதற்குப் பல வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

ஓய்வு பெற்றபின் ஒரு கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். நான் படித்த கல்லூரி இல்லை. பேச்சு முடிந்து ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பின்பக்கத் தாழ்வாரத்தில், உடைந்த நாற்காலிகளோடு, ஏழெட்டு இரட்டைத் தட்டுத் தராசுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒன்றில் ரைடர் இன்னும் கோலின் மேலேயே இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பதாகவும், பித்தளைக்குத் தனி விலை சொல்லியிருப்பதாகவும் கூட வந்தவர் சொன்னார். ஒன்றை மட்டும் விலைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். கழித்துக் கட்டும் பதிவேட்டில் மொத்தமாக ஏற்றிவிட்டதால் பிரித்துத் தர வழியில்லை என்றார்கள். அடுத்த வாரம் போன் செய்தபோது எல்லாம் போயிருந்தன.

அகேட் கத்திகள் தூசியில் கிடந்தாலும் கெடுவதில்லை. மோதினால்தான் உடையும். அந்தத் தாழ்வாரத்தில் இரண்டையாவது சரிசெய்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் நம் மாவட்டத்திலும் வெளியிலும் வேதியியல் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் துறையின் அலமாரியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி இன்னும் இருந்தால் அதைக் கழித்துக் கட்டாதீர்கள். ஒன்று போதும். மென்மையான தூரிகையால் துடைத்து, கால்சியம் குளோரைடு கிண்ணத்தை உள்ளே வைத்து, மட்டம் பார்த்து, ஆடாத ஒரு கல் பலகை மேல் நிறுத்துங்கள். முதல் வருஷம் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஒரு பச்சைக் கடலைப் பருப்பைக் கையில் கொடுங்கள். நிறுத்து, கால்மணி நேரம் காத்திருந்து, மறுபடி நிறுத்து, நான்கு தசமத்தோடு எழுதச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் எல்லாருக்கும் 0-இலும் 5-இலும் முடிந்தால், திரும்ப நிறுக்கச் சொல்லுங்கள்.